ரோட்ஸ் நகரும் சுற்றுப்புறமும்: போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரையிலிருந்து 20 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், ரோட்ஸ் தீவு இருக்கிறது. தீவின் வடமுனையில் அதே பெயரில் ஒரு நகரம். கிரேக்கத் தீவு என்றதும் வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடமும் நினைவுக்கு வருகிறவர்கள், இங்கே பழுப்புக் கல்லில் எழுந்து நிற்கும் கோட்டையைப் பார்த்துச் சற்றுக் குழம்பிப்போவார்கள். போவதாகச் சொன்ன நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உலக அதிசயமான கொலோசஸ் சிலையை எங்கே பார்க்கலாம்?

எங்கேயும் பார்க்க முடியாது. கி.மு. 226 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் அது முழங்காலுக்கருகே முறிந்து விழுந்துவிட்டது. கட்டி முடித்து அறுபது ஆண்டுகூட ஆகவில்லை. கடையில் விற்கும் காந்தப் பொம்மைகளிலும் பனியன்களிலும்தான் இப்போது அதன் வாழ்வு.

ஆனால் அது எழுந்த கதை கேட்கத் தகுந்தது. கி.மு. 305-இல் மாசிடோனியத் தளபதி டெமெட்ரியஸ் நகரை முற்றுகையிட்டான். சக்கரங்களில் நகரும் பல அடுக்குக் கோபுரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தும், ஓராண்டு முயன்று நகரைப் பிடிக்க முடியாமல் கருவிகளை அப்படியே போட்டுவிட்டுப் போனான். ரோட்ஸ்காரர்கள் வியாபாரிகள். அவற்றை விற்றுக் காசாக்கி, தங்கள் காவல் தெய்வமான கதிரவன் ஹீலியோஸுக்கு ஏறக்குறைய 33 மீட்டர் உயரத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். செய்தவர் லிண்டோஸ் ஊர்க்காரரான காரெஸ். பிடித்த காலம் பன்னிரண்டு ஆண்டுகள். விழுந்து கிடந்த சிலையின் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கக்கூட எல்லோருக்கும் கை எட்டாது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் அரேபியப் படையினர் அந்தத் துண்டுகளை விற்றதாகவும், வாங்கியவர் 900 ஒட்டகங்களில் ஏற்றிச் சென்றதாகவும் ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு உண்டு. அந்த ஒட்டகக் கணக்கை நான் நம்பவில்லை.

ஆனால் துறைமுக வாசலில் இரண்டு காலையும் அகட்டி நிற்பதுபோல் படம் பார்த்திருக்கிறேனே?

அது மத்திய காலப் பயணிகளின் கற்பனை. அவ்வளவு அகலத்துக்குக் கால் அகட்டினால் வெண்கலச் சிலை தன் எடையையே தாங்காது. மேலும், விழுந்த சிலை நிலத்தில் கிடந்தது என்றுதான் பழைய குறிப்புகள் சொல்கின்றன. வாசலை மறித்து நின்றிருந்தால் தண்ணீருக்குள் அல்லவா விழுந்திருக்கும்! மண்ட்ராக்கி துறைமுக முனையிலுள்ள புனித நிக்கோலஸ் கோட்டை இருக்குமிடத்தில் நின்றது என்பார் சிலர். மேட்டின்மேல், இன்று பழைய நகரின் அரண்மனை இருக்கும் பகுதியில் நின்றது என்பார் சிலர்.

மண்ட்ராக்கியின் வாயிலில் இப்போது இரண்டு தூண்களும், அவற்றின்மேல் வெண்கலத்தில் ஓர் ஆண் மானும் ஒரு பெண் மானும் நிற்கின்றன. மான்தான் இந்தத் தீவின் சின்னம். காட்டுப் பகுதிகளில் இன்னும் மான்கள் உண்டு. அலைதடுப்புச் சுவரின்மேல் பழைய காற்றாலைகள் மூன்று. மாலை ஆறு மணிக்குமேல் அந்தச் சுவரில் நடந்து கோட்டை முனைவரை போய்வாருங்கள். கொலோசஸ் நின்றதோ இல்லையோ, காற்றுக்கு அது நல்ல இடம்.

பழைய நகருக்குள் எங்கிருந்து தொடங்குவது?

எல்லோரும் துறைமுகப் பக்க வாயிலில் நுழைந்து, நேராக சோக்ரடஸ் தெருவின் கடைகளுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு வழி: முதலில் உள்ளே போகவேண்டாம். மதிலைச் சுற்றியுள்ள அகழிக்குள் இறங்குங்கள். அதில் ஒருபோதும் தண்ணீர் விட்டதில்லை. எதிரி இறங்கினால் மேலிருந்து அடிப்பதற்கென்றே வெட்டிய வறண்ட பள்ளம். இன்று புல்லும் மரமுமாக இருக்கிறது, கட்டணமும் கிடையாது. முற்றுகைக் காலத்துக் கல் குண்டுகள் தரையில் ஆங்காங்கே, யாரோ விளையாடிவிட்டுப் போட்டதுபோல் கிடக்கும். இருபக்கமும் எழும் சுவர்களின் நடுவே அரை மணி நேரம் நடந்தால், இந்த நகரைப் பிடிக்க வந்தவன் என்ன பார்த்திருப்பான் என்பது புரிந்துவிடும்.

சுமார் 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள இந்த மதிலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் செயின்ட் ஜான் சபையார். எருசலேமில் யாத்திரிகர்களுக்கு மருத்துவமனை நடத்தத் தொடங்கி, பிறகு வாளையும் கையில் எடுத்த துறவிகள் அவர்கள். புனித நாட்டை இழந்து 1309-இல் இங்கே நிலைகொண்டார்கள். 1480-இல் வந்த உதுமானியப் படையைத் திருப்பி அனுப்பினார்கள். பீரங்கிக்கு ஈடுகொடுக்கச் சுவர்களை மேலும் தடிப்பாக்கினார்கள். 1522-இல் சுல்தான் சுலைமான் தானே வந்தார். ஐந்து மாதத்துக்குமேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு உடன்படிக்கை ஏற்பட்டது. 1523-ஆம் ஆண்டின் முதல் நாளில் சபையார் கப்பலேறினார்கள். பின்னாளில் அவர்களுக்கு மால்டா கிடைத்தது.

அகழியிலிருந்து ஏறி, மேற்குப் பக்கத்திலுள்ள தாம்புவாஸ் வாயில் வழியாக உள்ளே நுழையுங்கள். சபைத் தலைவரின் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து, இந்தச் சபை வீரர்களின் பெயரால் வழங்கும் நைட்டுகள் தெரு கீழ்நோக்கிச் சரிகிறது. கூழாங்கல் பாவிய, கடையோ விளம்பரப் பலகையோ இல்லாத 200 மீட்டர். சபையார் பிறந்த நாட்டையும் பேசிய மொழியையும் வைத்துப் பிரிவு பிரிவாக இருந்தவர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விடுதி. சுவர்களில் பதித்த கேடயச் சின்னங்களை வைத்து எது யாருடையது என்று கண்டுபிடிக்கலாம். பிரெஞ்சுக்காரர்களின் விடுதிதான் அலங்காரத்தில் முந்தி நிற்கிறது. காலை எட்டு மணிக்கு முன் போனால் தெரு முழுவதும் உங்களுக்கே.

அரண்மனை எத்தனை நூற்றாண்டு பழையது?

இது சங்கடமான கேள்வி. தலைவர் அரண்மனை பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பலகைகள் சொல்கின்றன, அடித்தளம் அப்படித்தான். ஆனால் 1856-இல் அருகிலிருந்த பழைய தேவாலயத்தின் அடியில் மறந்துபோய்க் கிடந்த வெடிமருந்து மின்னல் தாக்கி வெடித்தது. தேவாலயம் தரைமட்டம், அரண்மனையும் பெரும்பகுதி சிதைந்துபோனது. இன்று நாம் பார்ப்பது இத்தாலியர்கள் 1937-க்கும் 1940-க்கும் இடையில் மீண்டும் கட்டி எழுப்பியது. 1912-இல் தீவைக் கைப்பற்றிய அவர்கள், மன்னரும் முசோலினியும் கோடையில் வந்து தங்குவதற்காக இதைத் தயார் செய்தார்கள்.

உள்ளே தரையில் பதித்திருக்கும் மொசைக்குகள் அசலானவை, ஆனால் இந்த ஊருடையவை அல்ல. பல அருகிலுள்ள கோஸ் தீவிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து பதித்தவை. ஆக, மத்திய கால உறைக்குள் பாசிச காலத்துக் கட்டடம், அதன் தரையில் பழங்கால ஓவியம். போலி என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கலப்படமே சுவாரசியமாக இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்கவேண்டுமா?

ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரமாவது. அது இருக்கும் கட்டடமே சபையார் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனை. நோயாளிகள் படுத்திருந்த பெரிய கூடம் மாடியில் இருக்கிறது. எல்லோரும் தேடிப்போவது குனிந்து அமர்ந்து கூந்தலை விரிக்கும் சிறிய பளிங்குச் சிலையை, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டை. அழகுதான். ஆனால் நான் நெடுநேரம் நிற்கச் சொல்வது தீவின் பழைய ஊரான கமிரோஸில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்லின் முன்னால். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. இறந்துபோன தாய் டிமாரிஸ்டா, துக்கத்துக்காகக் கூந்தலைக் கத்தரித்துக்கொண்ட மகள் கிரிட்டோ, இருவரும் அணைத்து விடைபெறுகிறார்கள். தாயின் கை மகளின் முதுகில் இருக்கிறது; முகமோ ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பிவிட்டது.

மசூதிகளும் யூதர் குடியிருப்பும் இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம். கோட்டையின் பரபரப்பில் பலர் விட்டுவிடும் பகுதிகள் இவை. சோக்ரடஸ் தெருவின் மேல் முனையில் இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்பது சுலைமானியே மசூதி. நகரைப் பிடித்தபின் சுலைமானின் பெயரில் எழுந்தது. இன்றைய கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பிக் கட்டியது. உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். எதிரே 1793-இல் நிறுவிய ஒரு முஸ்லிம் நூலகம் இருக்கிறது. அதன் முற்றத்தின் அமைதிக்காகவே எட்டிப்பார்க்கலாம்.

கிழக்கே இறங்கினால் யூதர் குடியிருப்பு. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நானூறு ஆண்டுகளுக்குமேல் பழைய ஸ்பானிய மொழி பேசி வாழ்ந்த தெருக்கள். கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் 1577-இல் கட்டியது. கிரேக்கத்தில் இன்னும் வழிபாடு நடக்கும் தொழுகைக்கூடங்களில் இதுவே மிகப் பழையது. 1944 ஜூலையில், தீவை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் சுமார் 1,700 யூதர்களைக் கப்பலிலும் ரயிலிலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். உயிர் மீண்டவர்கள் நூற்றைம்பது பேர் அளவில்தான். துருக்கித் தூதரக அதிகாரி செலாஹத்தின் உல்குமென், இவர்கள் துருக்கிக் குடிமக்கள், துருக்கிக் குடிமக்களின் குடும்பத்தார் என்று வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து மீட்டார். கடற்குதிரைகள் கொண்ட நீரூற்று இருக்கும் சதுக்கத்தில் கருங்கல் நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் உணவகங்கள். தூணில் எழுதியிருப்பதை வாசிக்க யாராவது நின்றால், மேசைக்கு அழைக்கும் ஆள்கூடச் சற்று விலகிக்கொள்கிறார்.

நகருக்கும் ஓர் அக்ரோபோலிஸ் உண்டா?

அக்ரோபோலிஸ் என்றால் பழங்கிரேக்க நகரின் உயர்ந்த மேட்டுப் பகுதி. இங்கும் உண்டு, மோன்டே ஸ்மித் என்ற மேட்டின்மேல். நெப்போலியனின் கப்பல்களை இங்கிருந்து கண்காணித்த ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் பெயர் அது. லிண்டோஸ், இயாலிசோஸ், கமிரோஸ் என்ற மூன்று பழைய ஊர்கள் சேர்ந்து கி.மு. 408-இல் ரோட்ஸ் நகரை உண்டாக்கின. அந்தக் கிரேக்க நகரின் எச்சம் இங்கேதான். பந்தய மைதானம், மீண்டும் நிறுத்திய சில அப்பல்லோ கோயில் தூண்கள். சூரியன் மறைவதைப் பார்க்க ஏற்ற இடம். அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம்.

லிண்டோஸ் அவசியமா? கூட்டம் அதிகம் என்கிறார்களே?

கூட்டம் அதிகம்தான். அவசியமும்தான். கிழக்குக் கரையில் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, கடலுக்குமேல் 116 மீட்டர் எழும் பாறையின் உச்சியில் கிரேக்கப் பெண் தெய்வம் அதீனாவின் கோயில். அதைச் சுற்றிச் சபையாரின் கோட்டைச் சுவர். அடியில் வெள்ளை வீடுகளின் ஊர். நீங்கள் எதிர்பார்த்து வந்த வெள்ளைத் தீவு இங்கேதான் கிடைக்கும்.

ஏறும் வழியில், கோட்டைப் படிகளுக்குச் சற்றுமுன், இடப்பக்கப் பாறையில் ஒரு கப்பலின் பின்பகுதி செதுக்கியிருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. மூச்சு வாங்க நிற்பவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு, அதைப் பார்க்காமலே போகிறார்கள். மேலே போனால் நீண்ட தூண் மண்டபம், அகன்ற படிக்கட்டு, கடைசியில் பாறை விளிம்பில் சிறிய கோயில். கோயிலைப் பெரிதாகக் கட்டவில்லை. ஒவ்வொரு படியிலும் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொண்டு போய்க் கடைசியில் முழுவதுமாகத் திறந்துவிடும்படி வழியை அமைத்திருக்கிறார்கள். நம் ஊர் மலைக்கோயில்களில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இராது.

தென்புறம் கீழே தெரியும் வட்டமான சிறு குடா புனித பவுலின் பெயர் கொண்டது. அவர் இங்கே கரையேறினார் என்பது உள்ளூர் நம்பிக்கை. அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் அவர் ரோட்ஸைத் தொட்டுச் சென்றது மட்டும் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் தேடினால் 'ரோது' என்று காணலாம்.

ஊருக்குள் பழைய கப்பல் தலைவர்களின் வீடுகளில் கருப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த தரைகளைக் கவனியுங்கள். அழியாத கோலம்போல் இருக்கும். காலை முதல் பஸ்ஸில் வந்து, வாயில் திறக்கும்போதே ஏறிவிடுவது நல்லது. மேலே நிழல் என்பது அறவே இல்லை.

கழுதைச் சவாரி போகலாமா?

வேண்டாம் என்பேன். கழுதை, கோவேறு கழுதைகளின்மேல் 100 கிலோவுக்கோ, விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கோ மேல் ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018-இல் விதி வகுக்கவேண்டி வந்தது என்றால், அதற்குமுன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஏற்றம் பதினைந்து நிமிட நடைதான். நடக்க இயலாத முதியவர்கள் கீழே ஊரையும் கடற்கரையையும் பார்த்தாலே அந்த நாள் வீணாகாது.

கமிரோஸ், லிண்டோஸ்: ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

முதல்முறை என்றால் லிண்டோஸ். ஆனால் என் மனம் கமிரோஸ் பக்கம்.

மேற்குக் கரையில் 35 கிலோமீட்டர் தூரத்தில், கடலைப் பார்த்துச் சரியும் ஒரு சரிவில், ஒரு முழு ஊரும் கூரை கழற்றிய நிலையில் கிடக்கிறது. கீழே சந்தையும் கோயிலும், நடுவில் தெருக்களும் வீடுகளும், உச்சியில் அதீனா கோயிலும் பெரிய தண்ணீர்த் தொட்டியும். மழைநீரைப் பிடித்துவைத்த அந்தத் தொட்டி கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுமார் 600 கன மீட்டர் கொள்ளும்; அங்கிருந்து சுடுமண் குழாய் வழியாக வீடுகளுக்குத் தண்ணீர் இறங்கியது. ஊரைச் சுற்றி மதில் இல்லை. அத்திப்பழமும் எண்ணெயும் மதுவும் விளைவித்த உழவர்களின் ஊர். கொலோசஸை வீழ்த்திய அதே நிலநடுக்கம் இதையும் குலைத்தது, மீண்டும் கட்டினார்கள், கி.பி. 142-இல் இன்னொன்று. பிறகு மெல்லக் கைவிட்டுவிட்டார்கள். பேருந்துக் கூட்டம் அதிகம் வராததால், வாசற்படியில் உட்கார்ந்து யாருடைய வீடாக இருந்திருக்கும் என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு என்பது என்ன?

கிரேக்க மொழியில் பெட்டலூடெஸ். நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். முதலில் ஒரு திருத்தம்: அங்கே இருப்பவை பட்டாம்பூச்சிகள் அல்ல, அந்துப்பூச்சிகள். மூடிய சிறகில் கரும்பழுப்பும் வெளிர்மஞ்சள் கோடுகளும். விரித்தால் உள்ளே நெருப்புச் சிவப்பு. கோடை வெயிலில் தீவு வறண்டுபோகும்போது ஈரமும் நிழலும் தேடி ஆயிரக்கணக்கில் இந்த ஓடைக்கு வந்து சேர்கின்றன. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிவரை பார்க்கலாம், ஆகஸ்டில்தான் அதிகம். மற்ற மாதங்களில் போனால் அழகான ஓடையும் மரப்பாலங்களும் மட்டுமே.

இங்கே அடர்ந்து நிற்கும் மரம் லிக்விடாம்பர். அதன் பட்டையிலிருந்து வடியும் பிசின் சாம்பிராணிபோல் மணக்கும். அந்த வாசனைதான் பூச்சிகளை இழுக்கிறது என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். கை தட்டாதீர்கள், விசில் அடிக்காதீர்கள், மரத்தை உலுக்காதீர்கள். ஒரே நேரத்தில் சிவப்பாக எழும்பிப் பறப்பதைப் படம் எடுப்பதற்காகப் பல ஆண்டுகள் மக்கள் அதைத்தான் செய்தார்கள், பூச்சிகளின் எண்ணிக்கையும் குறைந்துபோனது. கோடை முழுவதும் அவை ஏறக்குறைய ஒன்றும் உண்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பில்தான் உயிர் வாழ்ந்து, கடைசியில் இணைசேர்ந்து, முட்டையிட வேறிடம் போகவேண்டும். ஒவ்வொரு முறை வீணாகப் பறக்கும்போதும் அந்தக் கையிருப்பு கரைகிறது. பாறையை உற்றுப் பாருங்கள்: கோடுகள் அசைவதுபோல் தெரியும். அதுவே போதும்.

குழந்தைகளோடு போகிறோம். வேறென்ன பார்க்கலாம்?

ஏழு ஊற்றுகள். கிரேக்கத்தில் எப்டா பீஜெஸ். பைன் காட்டுக்குள் ஊற்றுகள் கலந்து ஓடும் ஓடை. அதன் தண்ணீரைக் கொண்டுபோக இத்தாலியர்கள் வெட்டிய 186 மீட்டர் சுரங்க வழி ஒன்று உண்டு. ஒற்றை ஆள் அகலம், கணுக்கால் அளவு சில்லிட்ட தண்ணீர், கும்மிருட்டு. மறுமுனையில் பச்சை நிறத்தில் ஒரு சிறு ஏரி. பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடுவார்கள். இருட்டுக்கும் இடுக்குக்கும் அஞ்சுபவர்கள் மேலே காட்டுப் பாதையில் நடந்துபோய் அதே ஏரியை அடையலாம்.

நகருக்குப் பக்கத்தில் ஃபிலேரிமோஸ் குன்று. பழைய இயாலிசோஸ் ஊரின் அக்ரோபோலிஸ், அதன்மேல் மடாலயம், சைப்ரஸ் மரங்கள். இரண்டு இடத்திலும் மயில்கள் சுற்றித் திரியும். மயிலைக் கண்டு ஐரோப்பியர்கள் கூட்டமாகப் படம் எடுக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். இவ்வளவு தூரம் வந்தும் நம் ஊர்ப் பறவைதானா என்று.

த்சாம்பிகா மடாலயம் பற்றி?

கிழக்குக் கரையில் ஒரு குன்றின் உச்சியில் சுமார் 300 படிகள் ஏறிப் போகவேண்டிய சிறு மாதா கோயில். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். பிள்ளை பிறந்தால் த்சாம்பிகோஸ் அல்லது த்சாம்பிகா என்று பெயர். ரோட்ஸ்காரர் ஒருவருக்கு இந்தப் பெயர் இருந்தால், அவர் தாயாரின் வேண்டுதல் என்று ஊரே அறியும். பழனி என்று பெயர் வைத்த கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. திருவிழா செப்டம்பர் 8. மேலிருந்து தெரியும் பொன்மணல் கடற்கரையும் அதே பெயர் கொண்டது. குளிக்க மிக நன்றாக இருக்கும்.

தீவின் தெற்குக் கோடிவரை போகலாமா?

கார் எடுத்தால் போகலாம். பிராசோனிசி முனையில் மணல்திட்டு ஒன்று தீவையும் ஒரு சிறு குன்றையும் இணைக்கிறது. கோடையில் ஒருபக்கம் அலையடிக்கும் ஏஜியன், மறுபக்கம் அடங்கிய மத்தியதரைக் கடல். குளிர்காலத்தில் தண்ணீர் ஏறித் திட்டை மூடிவிட, குன்று தனித்தீவாகும். திரும்பும் வழியில் மொனோலிதோஸ் பாறைக்கோட்டை, தீவின் மிக உயரமான 1,215 மீட்டர் அட்டாவிரோஸ் மலை, அதன் அடியில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன எம்போனாஸ் கிராமம். இது முழு நாள் வேலை. கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் காலை உணவை மிதமாக வைத்துக்கொள்ளவும்.

பஸ் போதுமா, கார் வேண்டுமா?

லிண்டோஸுக்கும் கிழக்குக் கரைக்கும் பஸ் தாராளம். கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனி பஸ் நிலையங்கள். இரண்டும் மண்ட்ராக்கியில் புதிய சந்தைக் கட்டடத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. தவறான பக்கம் வரிசையில் நின்று நேரம் போக்குவது இங்கே சகஜம். கமிரோஸ், பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு இரண்டுக்கும் வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். மலைக் கிராமங்களுக்கும் தெற்குக்கும் கார்தான். நம் நாட்டுக்கு நேர்மாறாகச் சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

எந்த மாதம்?

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் முதல் பாதி. பூச்சிகளைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் வெயிலைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். சென்னை வெயிலைக் கண்டவர்கள் 35 டிகிரிக்கு அஞ்சமாட்டார்கள், ஆனால் கல்லும் பாறையும் திருப்பி வீசும் சூடு வேறு மாதிரி.

கோடையின் இன்னொரு முகம் காட்டுத்தீ. 2023 ஜூலையில் தென்கிழக்குப் பகுதியில் பல நாள் எரிந்த தீயில் சுமார் 19,000 பேரை வெளியேற்றவேண்டியிருந்தது. கடற்கரைகளிலிருந்து படகில் ஏற்றிச் சென்றார்கள். கோடையில் கைப்பேசிக்கு எச்சரிக்கைச் செய்தி வந்தால், சாமான்களைப் பற்றி யோசிக்காமல் கிளம்பிவிடவேண்டும்.

எதிரே துருக்கி தெரிகிறதே, ஒரு நாள் போய்வரலாமா?

மர்மாரிஸுக்குக் கோடையில் படகு உண்டு, ஒரு மணி நேரம் அளவில். ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவோடு துருக்கிக் கரையில் கால் வைத்தால், திரும்பி ரோட்ஸுக்குள் வரமுடியாது. பெட்டி ஓட்டல் அறையிலும் நீங்கள் எதிர்க்கரையிலும் நிற்க நேரும். துருக்கிக்குத் தனி விசாவும் வேண்டும். இந்தத் தீவுகளுக்குத் துறைமுகத்திலேயே விசா தருகிறார்கள் என்று கேள்விப்படுவீர்கள். அது துருக்கிக் குடிமக்களுக்கான ஏற்பாடு, நமக்கானது அல்ல.

படகேற ஆசை என்றால் சிமி தீவுக்குப் போங்கள். கிரேக்கம்தான், விசாக் கவலை இல்லை. கடற்பஞ்சு மூழ்கி எடுத்துப் பணம் சேர்த்தவர்கள் கட்டிய மஞ்சள், காவி வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கியிருக்கும். படகு துறைமுகத்துக்குள் திரும்பும் அந்த ஐந்து நிமிடம் மேல்தளத்தில் நில்லுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். பிதாரூதியா என்று கேளுங்கள். கொண்டைக்கடலையை அரைத்து வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துத் தட்டிப் பொரிப்பது. ரோட்ஸின் சொந்தப் பண்டம், வடையின் உறவுமுறை என்று சொன்னால் தப்பில்லை. சோறு அடைத்துச் சுட்ட தக்காளி, குடைமிளகாயும் எங்கும் உண்டு, ஆனால் சில சமையலறைகளில் அதில் கொத்திறைச்சி கலப்பார்கள், கேட்டு வாங்கவும்.

என்ன வாங்கி வரலாம்?

மெலெகூனி. எள்ளும் தேனும் ஆரஞ்சுத் தோல் மணமும் சேர்த்துச் சாய்சதுரமாக வெட்டிய இனிப்பு, ரோட்ஸில் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது. நம் எள்ளுருண்டையைத் தட்டையாக்கியதுபோல் இருக்கும், வாரக்கணக்கில் கெடாது. கடற்கரைக் கூழாங்கற்களையும், இடிபாடுகளில் காலில் இடறும் பானை ஓடுகளையும் எடுக்கவேண்டாம். ஓடு எவ்வளவு சிறியதானாலும் கிரேக்கச் சட்டத்தில் அது தொல்பொருள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது விமானம் போய்விடும்.